கட்டம்

பெட்டமுகிலாளத்துக்கு மேலே பஸ் போகாது.
போகிற இடம் வரை போய், அப்புறம்
காற்றைத் தள்ளிக்கொண்டு ஏற வேண்டும்.
உச்சியில் மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை,
எல்லாம் என் இடுப்பளவு.
நெல்லிகூட இங்கே
குனிந்துகொண்டுதான் காய்க்கிறது.

பிப்ரவரி முதல் மே வரை நான் தீக்காவல்.
ஒரு விசில், ஒரு கொடுவாள்,
மார்ச் மாதக் கூலி இன்னும் ஏறாத பாஸ்புக்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையிலிருந்து அஃப்ரீன் வந்தாள்.
நான்கு முளை, மஞ்சள் நைலான் கயிறு.
ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர்
பாறைச் சரிவில் சுவரில்லாமல் ஒரு வீடு கட்டி
உள்ளே குடியிருப்பவர்களை
என்னையும் எண்ணச் சொன்னாள்.

விராலி முப்பத்திரண்டு.
இலையைத் தொட்டால் கை பிசுபிசுக்கும்,
வெயிலுக்குத் தானே எண்ணெய் பூசிக்கொண்டு நிற்பது.
எல்லாம் முழங்கால் உயரம்,
ஒரே வகுப்புப் பிள்ளைகள் மாதிரி.
அதை அவள் தனியாகக் குறித்துக்கொண்டாள்.
களா நான்கு.
சூரை ஒன்று; கயிற்றையே பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.
ஈச்சை பதினொன்று.
உண்ணிச்செடி?
வேரை எண்ணுவதா கிளையை எண்ணுவதா என்றேன்.
சிரித்துவிட்டு
'பாதிக் கட்டம்' என்று எழுதினாள்.
மூன்று வருஷத்துக்கு முந்தைய தாள் அவள் மடியில் இருந்தது.
அதில் 'கால் கட்டம்'.

ஒரு சின்னான் வந்து முளைமேல் உட்கார்ந்தது.
தொண்டை மஞ்சள்.
இந்தப் பாறை இடுக்குகளை விட்டால்
வேறு போக்கிடம் அறியாத சாதி.
கட்டத்துக்குள் எச்சமிட்டது,
கருநீலமாய், உண்ணி விதையோடு.
'இதை எண்ண வேண்டாமா?'
'முளைச்சா எண்ணலாம்.'

கடைசிக் கேள்விக்கு வந்தாள்.
'இங்கே கடைசியா தீ எப்போ வந்தது, அண்ணா?'

ரேஞ்சருக்குச் சொல்லும் பதில்
நாக்கிலேயே இருந்தது.
'வரலை.'

எரிந்த ஈச்சை மூன்றாம் மாதம் புது ஓலை விடும்.
நேராக, வளையாமல், முள் முற்றாமல்.
துடைப்பம் நூறு கட்டினால்
தேன்கனிக்கோட்டையில் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.
அந்தப் பணத்தில் வாங்கிய அரிசி தெரியும்.
போன தையில், நான் இந்த விசிலை வாங்கும் முன்,
எங்கள் வீட்டுத் தீப்பெட்டியில்
ஒரு குச்சி குறைந்ததும் தெரியும்.

அஃப்ரீன் ஒன்றும் சொல்லவில்லை.
ஈச்சையின் அடியில் விரலை விட்டாள்.
பழைய ஓலைக்காம்பு, அதன்கீழ் ஒரு கறுப்பு,
மறுபடி காம்பு, மறுபடி கறுப்பு.
ஒவ்வொரு கறுப்பையும் தாண்டி வந்த குருத்து
மேலே ஒன்றும் நடக்காதது போல் பச்சையாக இருந்தது.
அவள் நகமெல்லாம் கரி.

'யானை இதைத் தின்னுமா?'
'பிடுங்கித் தின்னும். குருத்து இனிப்பு.'
அன்று முழுக்க நான் உடனே சொன்ன ஒரே உண்மை.

தீ என்ற கட்டத்தை
அவள் நிரப்பவில்லை. கோடும் போடவில்லை.
பென்சிலைத் தாள்மேல் வைத்துவிட்டு
கயிற்றைச் சுருட்டப் போனாள்.
நிறைய நேரம் சுருட்டினாள்,
அவ்வளவு நீளக் கயிறு இல்லை அது.

நான் எழுதவில்லை.
பென்சில் மட்டும் எப்படியோ
சட்டைப்பையில் விசிலோடு கிடந்து
இறங்கும்போதெல்லாம் தட்டிக்கொண்டு வந்தது.

துட்டம்மா வாசலில் ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள்.
'இனிமே கிழக்குச் சரிவு வேண்டாம்' என்றேன்.
நிமிராமல் சொன்னாள்:
'நீ மார்ச்சுக் கூலியைக் கொண்டா,
அப்புறம் சரிவைப் பத்திப் பேசலாம்.'

இரவு அவள் தூங்கிய பிறகு
தீப்பெட்டியைத் திறந்து எண்ணினேன்.
பத்தொன்பது.